கூடிப் படிக்கும் இடம்: ஊர்ப் படிப்பகத்தை இளைஞர்களே நடத்தும் முறை

ஊர்ப் படிப்பகம் என்பது பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளும் இளைஞர்களும் கூடி, ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்துப் படிக்கும் பொது இடம். அங்கே சம்பளம் வாங்கும் ஆசிரியர் இல்லை, கட்டணம் இல்லை, தேர்வு வைத்துத் தரம் பிரிப்பதும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தருவாள். பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் அவளுக்கு மின்சுற்றை விளக்குவார். அந்த அண்ணனுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதக் கற்றுத்தர, பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர் இருப்பார். அறைச் சாவி, கணக்கு நோட்டு, எந்த நாளில் எது என்ற முடிவு எல்லாம் இவர்கள் கையில் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் இடத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றுப் பின்னால் நிற்பார்கள்.

இதற்குத் தமிழ்நாட்டில் முன்னோடிகள் பல உண்டு. திராவிட இயக்கம் தெருமுனைகளில் வைத்த படிப்பகங்கள், அம்பேத்கர் பெயரில் சேரிகளில் நடந்த இரவுப் பள்ளிகள், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்கள், 1990களின் அறிவொளி மையங்கள் ஆகியவை அவற்றில் சில. யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களும் ஊர் இளைஞர்கள் நடத்திய வாசிகசாலைகளாகவே வளர்ந்தன. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளைத் தன்னார்வலர்களிடம் மாலை நேரத்தில் சேர்த்தது. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் தெருவிலேயே கூடிப் படிப்பது பெற்றோர்களுக்குப் பழகிய காட்சியாகிவிட்டதால், இன்று படிப்பகம் தொடங்க வருகிறவர்களின் வேலை பாதி எளிதாகியிருக்கிறது.

படிப்பகங்கள் பலவும் ஒரே விதமாகத்தான் மூடப்படுகின்றன. நன்றாகச் சொல்லித்தரும் ஒருவர் கிடைக்கிறார். எல்லோரும் அவர் முன் வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பெற்றோருக்கும் அதுதான் பிடிக்கிறது. மெல்ல மெல்ல அது கட்டணமில்லாத டியூஷன் ஆகிறது. அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்த மாதத்தில் கதவு சாத்தப்படுகிறது. இந்த அத்தியாயத்தில் வரும் ஏற்பாடுகளில் முக்கால்வாசி அந்த முடிவைத் தவிர்ப்பதற்கானவை.

சட்டாம்பிள்ளை முறை தரும் பாடம்

பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியராகும் வழக்கம் திண்ணைப் பள்ளிகளிலேயே இருந்தது. பல வயதுப் பிள்ளைகள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்க, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இப்படிப்பட்ட பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். பெல் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலால் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் இங்கிலாந்து முழுவதும் பரவியது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதைப் போன்ற பள்ளி ஒன்றை நடத்தினார்.

இங்கிலாந்து போன பிறகு அந்த முறையின் குணம் மாறியது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர், அவருடைய கட்டளையை வரிசை வரிசையாக நிறைவேற்றும் மூத்த மாணவர்கள் என்று அது பெருத்தது. செலவு குறைவு என்பதே அதன் முதல் கவர்ச்சியாக இருந்தது. மூத்த மாணவன் தான் மனப்பாடம் செய்ததை அடுத்தவனுக்கு ஒப்பித்தான். ஒழுங்கு கெட்டால் புகார் சொன்னான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே அது கைவிடப்பட்டது.

சட்டாம்பிள்ளைக்கு இரண்டு வேலைகள் இருந்தன: சொல்லிக்கொடுப்பதும் கண்காணிப்பதும். இரண்டும் ஒரே பிள்ளையின் கையில் சேரும்போது கண்காணிப்புதான் வெல்கிறது. இன்றைய வகுப்பறைகளிலும் பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் ‘லீடர்’ அதே சட்டாம்பிள்ளைதான். ஆகவே படிப்பகத்தில் எந்தப் பிள்ளைக்கும் தண்டிக்கும் உரிமையோ, பெயர் எழுதிப் போட்டுக்கொடுக்கும் வேலையோ இருக்கக் கூடாது. குச்சியும் ஸ்கேலும் எவர் கையிலும் இருக்கக் கூடாது. முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டிய விதி இது.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பதால் கேட்பவருக்கு மட்டுமல்ல, சொல்லிக்கொடுப்பவருக்கும் பலன் கிடைக்கிறது. மாணவர்கள் மாணவர்களுக்குக் கற்பித்த திட்டங்களைப் பற்றிய 65 ஆய்வுகளை 1982இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, கற்றவர்களோடு கற்பித்தவர்களும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள். அப்படியானால் சொல்லித்தரும் வாய்ப்பைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பது, ஏற்கெனவே இருப்பவர்களுக்கே மேலும் அள்ளித் தருவதாகும். எட்டாம் வகுப்பில் தடுமாறும் பையனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கைச் சொல்லித்தர முடியும். கடன் வாங்கிக் கழிப்பது ஏன் என்று அவன் அப்போதுதான் முதன்முறையாக யோசித்துப் பார்ப்பான். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை இங்கே எதையாவது சொல்லித்தருகிறதா என்பதே ஒரு படிப்பகத்தின் நேர்மையைக் காட்டும்.

தொடங்குவது

தொடங்குவதற்கு நான்கைந்து பேர் போதும். அவர்களில் இருவராவது பெண்களாக இருப்பதும், ஒருவராவது இன்னும் பள்ளியில் படிப்பவராக இருப்பதும் நல்லது. எல்லோரும் கல்லூரி மாணவர்களாக இருந்தால், பிள்ளைகள் அவர்களைப் பார்த்த கணமே ‘சார்’ என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். அண்ணன், அக்கா என்ற அழைப்பு நிலைக்க வேண்டும்.

அறிவிப்புப் பலகை வைப்பதற்கு முன்பே வீடு வீடாகப் போக வேண்டும். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, மாலையில் யார் வேலைக்குப் போகிறார்கள், யார் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறதா என்பவை நேரில் போனால்தான் தெரியும். படிப்பை நிறுத்திய பிள்ளைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள், நூற்பாலைக்கோ செங்கல் சூளைக்கோ போய்த் திரும்பியவர்கள், கல்யாணம் பேசப்பட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் ஆகியோர் பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டம் எதிலும் வரமாட்டார்கள். படிப்பகத்தின் கதவு அவர்களுக்குத்தான் முதலில் திறந்திருக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் சுவரில் பெரிய சார்ட் தாள் ஒன்றை ஒட்டி நடுவில் கோடு போட வேண்டும். ஒரு பக்கம் ‘எனக்குத் தெரியும், சொல்லித்தருவேன்’. மறு பக்கம் ‘எனக்குக் கற்க வேண்டும்’. வந்திருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு பக்கத்திலும் குறைந்தது ஒன்றாவது எழுத வேண்டும். முதலில் எல்லோரும் தயங்குவார்கள். தெரிந்தது எதுவும் இல்லை என்பார்கள். பிறகு ஒருத்தி பூக்கட்டுவது என்று எழுதுவாள். ஒருவன் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது என்பான். வாய்ப்பாடு, சதுரங்கம், பறையடி, செல்போனில் தமிழில் தட்டச்சு செய்வது, வங்கிப் படிவம் நிரப்புவது என்று தாள் நிறையும். பாடப்புத்தகச் சங்கதிகள் மறு பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். அது இயல்பு. தனக்கும் ஒன்று தெரியும் என்று எழுதிவைத்த பிள்ளைதான் தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாது. இந்தத் தாளே படிப்பகத்தின் கால அட்டவணை. மாதம் ஒரு முறை புதுத் தாள் ஒட்ட வேண்டும்.

இடம்

எந்தக் கட்டடம் என்ற கேள்வியைவிட எந்தத் தெரு என்ற கேள்வி பெரியது. ஊர்த் தெருவில் இருக்கும் மண்டபத்தில் படிப்பகம் வைத்தால் காலனிப் பிள்ளைகள் வர முடியுமா, காலனியில் வைத்தால் ஊர்த் தெருப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்களா என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். எல்லோரும் வருவார்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குவது, இந்தக் கேள்வியைப் பிள்ளைகளின் தலையில் போடுவதாகும். கோயில் மண்டபம் பெரியதாகவும் காற்றோட்டமாகவும் இருந்தாலும், அங்கே காலெடுத்து வைக்கத் தயங்கும் ஒரு பிள்ளை இருக்குமானால் அது படிப்பகத்துக்கு ஏற்ற இடமில்லை. அரசுப் பள்ளி வகுப்பறை, அங்கன்வாடியை ஒட்டிய கூடம், ஊராட்சிக் கட்டடம் போன்றவற்றில் யாருக்கும் தனி உரிமை கிடையாது. முதல் தேர்வு அவையாகவே இருக்க வேண்டும்.

பொதுக் கட்டடத்துக்குத் தமிழ்நாட்டில் பெரிய வாய்ப்பு ஒன்று கிடக்கிறது. 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்தபோது, அன்றிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகக் கட்டடம் என்ற நோக்கில் கட்டடங்கள் எழும்பின. அவற்றில் பல பின்னர் பூட்டியே கிடந்தன. புத்தக அலமாரியும் மேசையும் உள்ளே இருக்க, திறக்க ஆள் இல்லாத நிலை. அப்படிப்பட்ட கட்டடத்தை மாலை நேரத்தில் திறந்து நடத்த முன்வரும் இளைஞர்கள், கிராம சபையில் எழுத்து மூலம் கோரிக்கை வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடும். மின்கட்டணம் யார் பொறுப்பு, சாவி யாரிடம், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பவை தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும். வாய்மொழி அனுமதி அடுத்த உள்ளாட்சித் தேர்தலோடு போய்விடும்.

பெண்பிள்ளைகள் வருவதும் நிற்பதும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: வழியில் தெருவிளக்கு, பூட்டுப் போடாத கழிப்பறை, திரும்பிப் போகும் நேரம். கழிப்பறை இல்லாத இடத்தை, எவ்வளவு வசதியானதாக இருந்தாலும், ஏற்கக் கூடாது. நேரத்தை அவர்களே முடிவு செய்யட்டும். ஆறரைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றால் படிப்பகம் ஐந்துக்குத் தொடங்கட்டும். ஏழு மணிக்குத்தான் வர முடியும் என்கிற வேலைக்குப் போகும் பையன்களுக்கு இரண்டாவது அமர்வு வைக்கலாம். டாஸ்மாக் கடை இருக்கும் சாலை வழியாகத்தான் வர வேண்டும் என்றால், தெருவாரியாகச் சேர்ந்து வந்து சேர்ந்து போகும் ஏற்பாடு தேவை.

ஒரு மாலைப் பொழுது

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதல் கால் மணி நேரம் விளையாட்டும் பேச்சும். பள்ளியில் முழு நாள் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளையை வந்தவுடன் மறுபடியும் உட்காரவைத்தால் மூன்றாம் நாள் வராது. அடுத்து முக்கால் மணி நேரம் இருவர் இருவராகவோ மூவராகவோ படிப்பது. பிறகு முழுக் குழுவுக்கும் பொதுவான ஒன்று: ஒரு சோதனை, ஒரு கதை வாசிப்பு, ஒரு விவாதம். மீதி நேரம் அவரவர் வேலை. கடைசி ஐந்து நிமிடத்தில் அன்று யார் யாருக்கு எதைச் சொல்லித்தந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பெருக்கிப் பூட்ட வேண்டும். பெருக்கும் முறை ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு.

வீட்டுப்பாடம் முழு நேரத்தையும் விழுங்கிவிடும். அதற்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, அதோடு நிறுத்துவது கடினம்தான், பெற்றோர் கேட்பார்கள். ஆனால் விட்டுக்கொடுத்தால் படிப்பகம் பள்ளியின் நீட்சியாகிவிடும்.

சொல்லித்தரப் பழகுதல்

பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தால் தானாகவே சொல்லித்தருவார்கள் என்பது உண்மையில்லை. தெரிந்த பிள்ளை விடையைச் சொல்லும், தெரியாத பிள்ளை பார்த்து எழுதும். அவ்வளவுதான் நடக்கும். சொல்லித்தருவதைப் பழக்க வேண்டும்.

ஒரு சான்றைப் பார்க்கலாம். ஆறாம் வகுப்புப் பையன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. பழக்கமில்லாத அக்கா ‘தப்பு’ என்று சொல்லி, கீழே ஆறு வர வேண்டும் என்று தானே போட்டுக்காட்டுவாள். அவன் தலையாட்டுவான், அடுத்த கணக்கில் அதே தவறு வரும். பழகிய அக்கா, எப்படி வந்தது என்று முதலில் அவனையே சொல்லச் சொல்வாள். பிறகு ஒரே நீளமுள்ள மூன்று காகிதத் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றை இரண்டாகவும் ஒன்றை மூன்றாகவும் ஒன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொல்வாள். ஐந்தில் இரண்டு பாகத்தை அரைத் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படி அரையைவிடக் குறையும் என்று அவனே கேட்டுக்கொள்ளும் வரை அவள் பேசாமல் இருப்பாள். அந்தப் பேசாமல் இருக்கும் நேரம்தான் கற்றுக்கொள்வதற்கு மிகக் கடினமான பகுதி. பேனாவைத் தன் கையில் வாங்கக் கூடாது என்ற ஒரே விதியை வைத்தால்கூட, சொல்லித்தருகிறவரின் பழக்கம் பெரிதும் மாறும்.

மெக்சிகோவில் காப்ரியேல் காமாரா என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் சிற்றூர்ப் பள்ளிகளில் வளர்த்த முறை படிப்பகத்துக்கு நேரடியாகப் பொருந்தும். பிள்ளை தனக்குப் பிடித்த ஒரு தலைப்பைத் தேர்ந்து, அதை ஏற்கெனவே கற்றுமுடித்த ஒருவரோடு இருவராக உட்கார்ந்து, கேள்விகளின் வழியே ஆழமாகப் படிக்கிறது. முடித்ததும், தான் எங்கே தடுமாறியது, எப்படிக் கடந்தது என்பது உட்பட எல்லோர் முன்னிலையிலும் எடுத்துச் சொல்கிறது. அதன் பிறகு அந்தத் தலைப்பில் அடுத்த பிள்ளைக்கு அதுவே வழிகாட்டி. சில இடங்களில் சிறியதாகத் தொடங்கிய இந்த முறையை 2009க்குப் பிறகு மெக்சிகோ அரசு, பின்தங்கிய சுமார் 9,000 பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. படிப்பகத்தில் பத்துப் பன்னிரண்டு தலைப்புகளோடு தொடங்கலாம். நிலா ஏன் தேய்கிறது, வட்டிக் கணக்கு, மின்சுற்று, ஊரின் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு சிறுகதை என்று பாடமும் ஊரும் கலந்திருந்தால் நல்லது.

வரலாறு, புவியியல் போன்ற நீண்ட பாடங்களுக்குத் துண்டு பிரித்துப் படிக்கும் முறை உதவும். பாடத்தை நான்கைந்து பகுதிகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி தர வேண்டும். அதே பகுதி கிடைத்த பிற குழுவினரோடு சேர்ந்து அதைப் படித்துவிட்டு, தன் குழுவுக்குத் திரும்பி வந்து சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வதைக் கேட்காமல் மற்றவருக்குப் பாடம் முழுமையாகாது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிவந்தோர் ஆகியோரின் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்ததும் மோதல்கள் எழுந்தபோது, எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் தன் மாணவர்களோடு உருவாக்கிய முறை இது. பல தெருப் பிள்ளைகள் கூடும் இடத்தில் இதன் பயன் பாடத்தோடு நிற்பதில்லை. குழுக்களைத் தெரு கலந்து, ஆண் பெண் கலந்து, வயது கலந்து அமைக்க வேண்டும். விருப்பம்போல் உட்காரவிட்டால் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள்.

பாடம் தெரியாத பெரியவருக்கும் இங்கே வேலை உண்டு. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று, காளிக்குப்பம் என்ற கடலோரச் சிற்றூரில் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் அமைந்த மூலக்கூறு உயிரியல் பாடத்தைக் கணினியில் கொடுத்துப் பார்த்தது. பிள்ளைகள் தாங்களே குழுவாகச் சேர்ந்து ஓரளவு கற்றார்கள். பிறகு அவர்களுக்குப் பழக்கமான இளம்பெண் ஒருவர், உயிரியல் தெரியாதவர், பக்கத்தில் நின்று ‘அது என்ன, எப்படிக் கண்டுபிடித்தாய்’ என்று வியந்து கேட்டு உற்சாகப்படுத்தியதும் மதிப்பெண் மேலும் உயர்ந்தது. கணினியைக் கொடுத்தால் போதும், ஆசிரியரே வேண்டாம் என்று இந்த வகை ஆய்வுகளைக் கொண்டு பேசுவது தவறு. காளிக்குப்பத்தின் அனுபவமே அதற்கு எதிராக இருக்கிறது. அருகில் உட்கார்ந்து கேட்கும் மனிதர் ஒருவர் தேவை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்த வேலையைச் செய்யலாம்.

பொருளும் பணமும்

பாய், கரும்பலகை வண்ணம் பூசிய ஒரு சுவர், சாக்கட்டி, சார்ட் தாள், நல்ல விளக்கு, குடிநீர்க் குடம். இவற்றோடு தொடங்கிவிடலாம். புத்தகம் வாங்கும்போது பாதிப் பணத்தைக் கதைக்கும் படக்கதைக்கும் ஒதுக்க வேண்டும். வழிகாட்டி நோட்ஸ்களை வாங்கிக் குவிக்கக் கூடாது. தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அறிவியலுக்குத் துளிர் இதழின் பழைய தொகுப்புகள் மிகப் பயன்படும்.

கணினி கிடைத்தால் நல்லது. அலுவலகங்கள் ஒதுக்கிய பழைய கணினியில் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவையும், கொலிப்ரியில் பாடக் காணொளிகளையும் ஒரு முறை இறக்கிவைத்தால் பிறகு இணையம் தேவையில்லை. ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பது குறையில்லை; தனித்தனியாகக் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். செல்போன்கள் வாசலில் ஒரு பெட்டியில் இருக்கட்டும்.

மாதச் செலவு சிறியது. அதை ஊரிலேயே திரட்ட முடியும். அப்படித்தான் திரட்ட வேண்டும். கடைக்காரர் சாக்கட்டிப் பெட்டி தரட்டும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் மின்விசிறி தரட்டும். கட்சிக்காரர் பணம் தந்தால் வாசலில் அவர் படம் வரும், மற்றக் கட்சிக்காரரின் பிள்ளை வராது. வரவு செலவை மாதந்தோறும் சுவரில் ஒட்டுவது எந்தத் தணிக்கையையும்விட நல்ல காவல். கணக்கெழுதும் பொறுப்பைப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் மாணவர்களிடம் கொடுக்கலாம். அவர்களுக்கு அதுவே செய்முறைப் பயிற்சி. வங்கிக் கணக்கும் வெளி நன்கொடையும் தேவைப்படும் அளவுக்கு வளர்ந்தால், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவு செய்துகொள்ளலாம். முதல் ஆண்டில் அதற்கு அவசரமில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் தளர்வுக்கு இடமே கிடையாது. படிப்பகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் பதினெட்டு வயது நிரம்பிய இருவர் இருக்க வேண்டும்; அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் வராத நாளில் படிப்பகத்தைத் திறக்காமல் விடுவதே சரி. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. சொல்லித்தருவது எல்லோர் கண்ணிலும் படும் கூடத்தில்தான். பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதும், அவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதும் கூடாது. புதிதாக உதவ வருகிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அவரைப் பற்றி ஊரில் இருவரிடமாவது விசாரித்து, ஒரு மாதம் பழைய பொறுப்பாளரோடு சேர்ந்தே இருக்கவைக்க வேண்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரியது. ஊர்ப் பெயர் கெட்டுவிடும், குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வற்புறுத்தல் கட்டாயம் வரும். அதற்கு இணங்குவது அந்தப் பிள்ளையை இரண்டாம் முறை கைவிடுவதாகும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அதை எப்போது அழைக்கலாம் என்பதைப் பிள்ளைகளே ஒருவருக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டும்.

முடிவெடுப்பதும் பொறுப்பு மாறுவதும்

ராஜஸ்தானின் திலோனியாவில் வெறுங்கால் கல்லூரி என்று அறியப்படும் அமைப்பு 1975 முதல் நடத்திய இரவுப் பள்ளிகளில், பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகள் படித்தார்கள். அந்தப் பிள்ளைகளே வாக்களித்துத் தங்கள் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா, குடிநீர் இருக்கிறதா என்று பார்த்துக் கேட்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. படிப்பகத்திலும் பிள்ளைகளின் குழு உண்மையான முடிவுகளை எடுக்க வேண்டும். எந்தப் புத்தகம் வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, சண்டை போட்டவர்களை என்ன செய்வது என்பவற்றை அவர்களிடம் விட்டுவிட வேண்டும். பெரியவர்கள் முன்பே முடிவெடுத்துவிட்டுக் கைதூக்கச் சொன்னால், பிள்ளைகள் இரண்டாம் கூட்டத்திலேயே புரிந்துகொள்வார்கள்.

படிப்பகத்துக்கு வரும் பெரிய ஆபத்து பிப்ரவரியில் தொடங்குகிறது. பொதுத்தேர்வு எழுதும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வருவதை நிறுத்துவார்கள்; ஜூனில் பாதிப் பேர் கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போய்விடுவார்கள். பொறுப்பாளர்கள் எல்லோரும் ஒரே வயதினர் என்றால் படிப்பகமும் அவர்களோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர் வேண்டும்: நடத்துகிறவர் ஒருவர், அவரைவிட இரண்டு மூன்று வயது இளைய, பழகிக்கொள்கிறவர் ஒருவர். சாவியும் இரண்டு. நவம்பரிலேயே இளையவர் முன்னால் நின்று நடத்த, மூத்தவர் பின்னால் இருக்க வேண்டும். தேர்வு மாதங்கள் வரும்போது மாற்றம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

பதிவேடு

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கும். படிப்பகத்தின் உடல்நிலையை அது காட்டாது. யார் யாருக்கு எதைச் சொல்லித்தந்தார்கள் என்று தினமும் எழுதிய பதிவேட்டைத்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளின் குழு கூடி வாசிக்க வேண்டும். சொல்லித்தந்தவர் பகுதியில் இதுவரை வராத பெயர்கள் எவை, பெண்பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தெருப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள், பள்ளியை விட்டவர்களில் எவர் திரும்ப வந்தார்கள் என்று அதிலிருந்தே பார்க்கலாம். வராதவர் வீட்டுக்கு அந்த வாரமே இருவர் போய்க் கேட்க வேண்டும்.

சொல்லித்தந்தவர் பகுதியில் அதே நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் படிப்பகம் டியூஷனாகிவிட்டது என்று பொருள். அப்போது புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதை ஒரு மாதம் நிறுத்திவைத்து, இருப்பவர்களைச் சொல்லித்தரப் பழக்க வேண்டும்.